ருசிக்காரரின் ரொட்டித் துறவு

மனைவியை ஏமாற்ற நினைத்த கணவன்மார்கள் உலகத்தில் ஏராளம். சொந்த ரத்தத்தையே ஏமாற்றக் கிளம்பியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் நம் ருசிக்காரர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பிஸ்கட் கம்பெனியில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ருசிக்காரர்தான். வேலை அப்படி. அடுப்பிலிருந்து ஒரு தட்டு பிஸ்கட் வெளியே வந்தால் முதல் கடி அவருடையது. கடிப்பார். கண்ணை மூடுவார். நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, "வெண்ணெய் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கு" என்பார். அவ்வளவுதான், மொத்தத் தட்டும் வந்த வழியே திரும்பிவிடும். மற்றவர்கள் சோற்றுக்காக உழைக்கிறார்கள். இவர் தின்பதையே உழைப்பாக வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையில் அவருக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது வேறு யாரும் இல்லை, அவருடைய சொந்த வயிறு.

காலையில் வேலைக்குப் போகும்போது சாதுவாக இருக்கும் வயிறு, சாயங்காலம் வீடு திரும்பும்போது அவருக்கு ஒரு முழம் முன்னால் வந்துகொண்டிருக்கும். உள்ளே கடாமுடா என்று யாரோ வீடு மாற்றுகிற மாதிரி சத்தம். நாற்காலியில் உட்கார்ந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். வாயில் புண் வேறு. ஒன்று ஆறினால் இன்னொன்று வரும். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம்.

இதையெல்லாம் முதலில் கவனித்தவர் அவர் மனைவிதான். அம்மையார் தையல்காரர். முன்னறையில் மிஷின், கழுத்தில் சதா ஓர் அளவு நாடா, கையில் சாக்பீஸ். யார் வாசலில் நுழைந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்ப்பார். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் அந்த நாடாவுக்குத் தெரியும். ஆனால் கட்டின கணவருடைய இடுப்பு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏங்க, இங்க வாங்க. கையைத் தூக்குங்க."

"எதுக்கு? நான் ஒண்ணும் எடுக்கலையே."

"தூக்குங்கன்னா தூக்குங்க. காலையில உங்க பேண்ட் பட்டையில ஒரு கோடு போட்டுவிட்டேன். பாருங்க, இங்க இருக்கு. இப்போ பட்டன் எங்க போய் நிக்குது பாருங்க."

ருசிக்காரர் குனிந்து பார்க்க முயன்றார். வயிறு மறைத்தது.

"காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு! நான் எந்த அளவுக்குத் தைக்கிறது? நடுவுல என்னதான் நடக்குது?"

"வேலை நடக்குது."

"வேலை செஞ்சா வயிறு உள்ள போகும். இது வெளிய வருது."

"உன் பீன்ஸ் பொரியல்தான். உள்ள வெறும் வாயு."

"பீன்ஸ் நேத்து செஞ்சது. வயிறு தினமும் வீங்குது."

"அப்போ குழாய்த் தண்ணி."

"அதே தண்ணியைத்தான் நானும் குடிக்கிறேன். எனக்கு வீங்கலையே."

"உன் தங்கச்சி வந்துட்டுப் போனாளே..."

"அவ வந்தா வயிறு எரியும், எனக்குத் தெரியும். வீங்காது."

ஆனாலும் அம்மையார் விடவில்லை. அவருக்குக் கோபம் இல்லை, அக்கறை இருந்தது, அதைவிட ஒரு குறுகுறுப்பு அதிகமாக இருந்தது. எங்கே பிடிக்கிறது என்று தெரியாத சட்டையை அவர் லேசில் கீழே வைப்பவர் இல்லை. பீன்ஸை நிறுத்திப் பார்த்தார். வயிறு வீங்கியது. பீன்ஸைத் திரும்பப் போட்டுவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். வீங்கியது. பாலை நிறுத்தினார். அப்போதும் வீங்கியது. பேண்ட் பட்டை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள் ஏறிக்கொண்டே போயின.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அடுப்பு பழுதானது. சரியாகும்வரை எல்லோருக்கும் விடுமுறை. ருசிக்காரர் வீட்டில் சோறும் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். ஆச்சரியம்! காலைக் கோட்டில் நின்ற பட்டன் சாயங்காலமும் அங்கேயே நின்றது. வாய்ப்புண் ஆறியது. மனிதர் பகலில் தூங்காமல் உட்கார்ந்து ஜன்னல் கொக்கியைக்கூடச் சரிசெய்து கொடுத்தார். அடுப்பு சரியாகி அவர் வேலைக்குப் போன அன்று சாயங்காலம் பட்டன் பழைய இடத்துக்கு ஓடிவிட்டது.

"கம்பெனி மூடினா உங்க வயிறும் மூடுது. கம்பெனி திறந்தா வயிறும் திறக்குது," என்றார் அம்மையார் நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "எனக்கென்னவோ பிஸ்கட் மேலதான் சந்தேகம். வாங்க, டாக்டரம்மாகிட்ட போவோம்."

ருசிக்காரர் ஏற்கெனவே சரிசெய்த ஜன்னல் கொக்கியை மறுபடி சரிசெய்யக் கிளம்பினார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. பேண்ட்டையே கையோடு கொண்டுவந்து மேஜைமேல் விரித்த அம்மையாரை ஆச்சரியத்தோடு பார்த்தார். கோடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கோதுமை மாவைப் பிசைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடுது பாருங்க, அந்த இழுவைக்குக் காரணம் க்ளூட்டன்னு ஒரு சத்து. மைதா, ரவை, பார்லி எல்லாத்துலயும் இருக்கு. சிலருக்கு அது ஒத்துக்காது. சிலருக்குக் குடலையே அரிச்சுடும், சிலருக்கு வெறும் தொந்தரவோட போயிடும். சிலருக்கு அதுவே இல்லாம வேற ஏதாவதா இருக்கும். எதுன்னு தெரிஞ்சுக்காம நாமளா முடிவு கட்டக் கூடாது. முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை. இன்னைக்கே எடுத்துடலாமா?"

"இன்னைக்கா!" என்று ருசிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இன்னைக்கு முடியாதுங்க. எங்க கம்பெனியில தலைமை ருசிக்காரரைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. மூணு பேர் போட்டியில இருக்கோம். இந்த நேரத்துல எனக்குக் கோதுமை ஆகாதுன்னு ஒரு பேச்சு வெளிய வந்துச்சுன்னா என் கதி என்ன? நீச்சல் சொல்லித்தர்றவனுக்குத் தண்ணி ஆகாதுங்கற மாதிரி ஆயிடும். ஒன்றரை மாசம் கழிச்சு எடுத்துக்கறேன்."

"எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது?" என்றார் அம்மையார்.

"நேரம் இல்லம்மா, மனசு."

டாக்டரம்மா யோசித்தார். "சரி, ஒன்றரை மாசம். அதுக்கு மேல தள்ளக் கூடாது. ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுட்டே இருக்கணும். பயந்துபோய் நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா ரத்தத்துல அடையாளம் குறைஞ்சு போயிடும். நோய் இருந்தாலும் இல்லைன்னு சோதனை சொல்லிடும்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ருசிக்காரரின் முகம் மலர்ந்தது. டாக்டரம்மா எச்சரிக்கை என்று நினைத்துச் சொன்னது, அவர் காதில் வழி என்று விழுந்தது.

நிறுத்திவிட்டால் சோதனை சுத்தமாக வரும். சுத்தமாக வந்தால் அந்தக் காகிதத்தை மனைவி முகத்துக்கு நேரே நீட்டலாம். அப்புறம் ஆயுசு முழுக்க யாரும் அவர் பிஸ்கட்டில் கை வைக்க முடியாது! ஒன்றரை மாதம் ரொட்டியைத் துறந்தால் வாழ்நாள் முழுக்க ரொட்டி. இதைவிட மலிவான துறவு எந்தச் சாமியாருக்கும் கிடைத்திருக்காது.

சிக்கல் ஒன்றே ஒன்று. "டாக்டரம்மா சொன்ன மாதிரி கோதுமை குறையவே கூடாது" என்று மனைவி அன்றைக்கே ஒரு மூட்டை மாவோடு களத்தில் இறங்கிவிட்டார். காலையில் வாட்டிய ரொட்டி, மத்தியானத்துக்கு டப்பாவில் ரொட்டி, ராத்திரி சுடச்சுட ரொட்டி.

இங்கேதான் மாடிவீட்டு மாஸ்டர் கதைக்குள் வருகிறார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். தனிக்கட்டை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டுக்கு வந்து சமைக்கத் தெம்பு ஏது? ஏதோ கொஞ்சம் அரிசியைப் பானையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அது சோறுமில்லாமல் கூழுமில்லாமல் இரண்டுங்கெட்டானாக வந்து நிற்கும்.

ருசிக்காரர் மாடிப்படியில் அவரைப் பிடித்தார்.

"மாஸ்டர், உங்களுக்கு ரொட்டி பிடிக்குமா?"

"யார் செஞ்ச ரொட்டிண்ணே?"

"உங்க அண்ணி செஞ்சது."

"அப்போ உயிரு."

"தினமும் தர்றேன். பதிலுக்கு உங்க சோத்துல எனக்குக் கொஞ்சம் குடுங்க. ஆனா ஒண்ணு, அண்ணிக்கு மட்டும் தெரியக் கூடாது."

மாஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணே, அந்தச் சோத்தை நானே சாப்பிட மாட்டேன்."

"நான் சாப்பிடறேன்."

"வீட்டுல ஏதும் சண்டையா?"

"சண்டை இல்ல மாஸ்டர், விஞ்ஞானம்."

ஒப்பந்தம் முடிந்தது. காலையில் அம்மையார் மிஷின் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து ரொட்டித் துண்டுகள் பேண்ட் பைக்குள் போகும். மத்தியான டப்பா படிக்கட்டிலேயே கைமாறும். ராத்திரி, "மாடியில காத்தாட உக்காந்து சாப்பிடறேன்" என்று தட்டோடு ஏறிவிடுவார். மேலே மாஸ்டர் ரொட்டியை ரசிப்பார். ருசிக்காரர் ருசியே இல்லாத அந்தக் குழைந்த சோற்றை விழுங்குவார். ஊருக்கே நாக்கு கொடுத்தவருடைய நாக்குக்கு வந்த கஷ்டத்தை என்னவென்று சொல்ல!

இதில் கொடுமை என்னவென்றால், நாளாக நாளாக அம்மையாரின் ரொட்டி மெருகேறிக்கொண்டே போனது. முதலில் வெறும் ரொட்டியாக இருந்தது. ஒருநாள் மேலே எள் தூவி வந்தது. அப்புறம் வெண்ணெய் இரண்டு பங்கு ஆனது. ஒருநாள் உலர்திராட்சைகூட எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இதுல வெண்ணெய் எங்க இருக்குன்னே தெரியலை, ஆனா எல்லா இடத்துலயும் இருக்கு," என்பார் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு.

"வாசனையை வெச்சே சொல்றேன், அடி கொஞ்சம் அதிகமா சிவந்துடுச்சு," என்பார் ருசிக்காரர் வயிற்றெரிச்சலோடு.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு ஒருநாளாவது எள் தூவியிருக்கிறாளா? சாப்பிட முடியாத நேரம் பார்த்துத்தானா இவளுக்குக் கைவண்ணம் வரவேண்டும்? கேட்கவும் வழியில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. வெண்ணெய் ஊறி ஊறிப் பேண்ட் பை நாசமாகிவிடுமே என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பைக்குள் கை விட்டால் வழுவழுவென்று புதுத் துணி! எண்ணெய் இறங்காத ரெக்ஸின் துணியில், முன்பைவிட ஆழமாக, அருமையான பை.

"பழைய பை கிழிஞ்சிருந்துச்சு. மிச்சத் துணி இருந்தது, வெச்சேன்," என்றார் அம்மையார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று ருசிக்காரர் எண்ணிக்கொண்டார். கண் எதிரே தொங்கிய துப்பு அவர் கண்ணில் படவே இல்லை.

கம்பெனியில்தான் பாடு பெரும்பாடாக இருந்தது. கடிக்காமல் ருசி பார்ப்பது எப்படி? அவரோடு போட்டியில் இருந்தவர்கள் இருவர்: நெட்டையர் ஒருவர், கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர். தட்டு வந்ததும் ருசிக்காரர் பிஸ்கட்டைக் காதருகே கொண்டுபோய் ஒடித்தார். சும்மா நேரம் கடத்தத்தான். ஆனால் 'டக்' என்ற சத்தம் அவரைத் திடுக்கிட வைத்தது. அடுத்ததை ஒடித்தார். இது 'டப்' என்றது. ஏன் வேறு மாதிரி கேட்கிறது? இத்தனை காலம் வாய்க்குள்ளேயே உடைத்ததில் இது காதில் விழுந்ததே இல்லையே! 'டப்' என்றதை மோந்து பார்த்தார். ஈரம்.

"அம்மா, இதைக் கடிச்சுப் பாருங்க. பல்லுல ஒட்டுதா?"

"ஆமா, லேசா ஒட்டுது," என்றார் கண்ணாடி அம்மாள்.

"நெட்டையரே, இனிப்பு முதல்ல வருதா, கடைசியில வருதா?"

"கடைசியில. ஏன் கேக்கறீங்க?"

"முதல்ல என்ன வருதுன்னு சொல்லுங்க."

நெட்டையர் யோசித்தார். "முதல்ல... உப்பு. அடடா!"

இப்படி அவர் கேட்கக் கேட்க, மற்ற இருவருக்கும் தங்கள் நாக்கில் இத்தனை அறைகள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ருசிக்காரருக்கும் ருசி கண்டுவிட்டது. எந்தப் பிஸ்கட்டைப் பார்த்தாலும் ஒடித்துக் கேட்கத் தோன்றியது. கடிக்க வேண்டும் என்ற ஞாபகமே சில நாள் வரவில்லை.

இதற்கிடையில் வயிறு இறங்கத் தொடங்கியது. வாயில் புண் இல்லை. தலையிலிருந்த பஞ்சை யாரோ உருவி எடுத்த மாதிரி தெளிவு. காலையில் பாடிக்கொண்டே எழுந்தார். இதற்குக் காரணம் என்ன என்று மற்றவர்களானால் யோசித்திருப்பார்கள். ருசிக்காரர் யோசிக்கவில்லை. காரணம் அவர் பக்கத்திலேயே வந்து நின்றது; அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கவலை வேறு. ஒரேயடியாக வயிறு இறங்கினால் மனைவிக்குச் சந்தேகம் வராதா?

அதற்கும் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும், சந்துமுனையில் நின்று ஒரு குளியல் துண்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நாள் கழித்துக் கைத்துண்டு. பிறகு கைக்குட்டை. இப்படிப் படிப்படியாக வயிற்றைக் கரைத்துவிட்டால் சந்தேகமே வராது என்பது திட்டம்.

கைத்துண்டுக் காலத்தில் ஒருநாள் அம்மையார் கூப்பிட்டார்.

"வாங்க, அந்தப் பேண்ட்டைப் பிடிச்சுவிடறேன். தொளதொளன்னு தொங்குது."

"இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்."

"நில்லுங்க. ஆடாதீங்க."

அம்மையார் குண்டூசியை எடுத்து வயிற்றோரம் குத்தினார். ருசிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொன்று குத்தினார். ருசிக்காரர் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தார். மூன்றாவது ஊசி தலைவரைக்கும் உள்ளே போனது.

"வலிக்கலையா?"

"எது?"

"ஊசி முழுசா உள்ள போயிருக்கே."

ருசிக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் இரண்டு பேரும் அந்த ஊசியையே பார்த்தார்கள்.

"ஆ!" என்றார் ருசிக்காரர், கொஞ்சம் தாமதமாக.

"பாவம், வலி இப்போதான் வந்து சேந்திருக்கு போல," என்றார் அம்மையார். ஊசிகளைப் பக்குவமாக உருவி டப்பாவில் போட்டுவிட்டு, சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார். அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தத்தோடு வேறு ஏதோ சத்தமும் கலந்து வந்தது. அழுகிறாளோ என்று ருசிக்காரருக்கு மனசு கஷ்டப்பட்டது.

இதோடு ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரு கார் இருந்தது. வேலைக்குக் கம்பெனி வேன் வந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அது வெளியே வரும். "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்று அம்மையார் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "காரும் தையல் மிஷினும் ஒண்ணா? மிதிச்சா நிக்காதும்மா, ஓடும்" என்று அவரும் அத்தனை தடவை சொல்லியாயிற்று. இப்போது கொஞ்ச நாளாக, ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தால் சீட்டு முன்னால் தள்ளி இருந்தது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிக்குப் பதிலாகத் தன் தாடை தெரிந்தது. ஸ்டியரிங் நெஞ்சுக்கு நேரே வந்தும் வயிற்றில் இடிக்கவில்லை. வயிறு இளைத்தால் காரே புதுசாகத் தெரியும் போலிருக்கிறது என்று வியந்துகொண்டே அவர் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் ஓடிப்போனது. பரிசோதனைக்கு முந்தின நாள் கம்பெனி நிர்வாகி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ருசிக்காரரே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க கொஞ்ச நாளா பிஸ்கட்டே கடிக்கறதில்லையாமே?"

ருசிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. போச்சு! எதைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டாரோ, அது கைவிட்டுப் போகிறது. "அது வந்து... வாயில கொஞ்சம்..."

"நீங்க கடிக்கறதை நிறுத்தினதுல இருந்து கடைகள்ல இருந்து பெட்டி திரும்பி வர்றதே குறைஞ்சுபோச்சு. மத்த ரெண்டு பேரும் உங்ககிட்ட கத்துக்கிட்டோம்னு அவங்களாவே வந்து சொல்றாங்க. கடிக்கறதுக்கு எனக்கு ஆள் கிடைக்கும். கேக்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான். இன்னையிலிருந்து நீங்கதான் தலைமை. இனிமே நீங்க கடிக்கவே வேண்டாம்."

ருசிக்காரர் சந்தோஷத்தில் நிர்வாகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடவே நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. கடிக்கவே வேண்டாமா? அப்படியானால் இத்தனை நாள் குழைந்த சோறு தின்றது எதற்காக? சரி, போகட்டும். பதவி கையில், நாளைக்குச் சுத்தமான சோதனைக் காகிதமும் கையில். வீட்டுக்கு வரும் வழியிலேயே ரொட்டிக்கடை வாசலில் நின்று, எந்தப் பன்னை முதலில் வாங்குவது என்று கண்ணாலேயே பொறுக்கி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவரே காரை ஓட்டிக்கொண்டு மனைவியோடு டாக்டரம்மாவிடம் போனார். சட்டைக்குள் கைக்குட்டைகூட இல்லை. மிடுக்காக உட்கார்ந்தார்.

"ஆளே மாறிட்டீங்களே," என்றார் டாக்டரம்மா. "கோதுமை தொடர்ந்து சாப்பிட்டீங்களா?"

"மூணு வேளையும்! இவளைக் கேளுங்க. எள்ளு, வெண்ணெய், திராட்சை, ஒண்ணுக்கும் குறைவில்ல. இவ்வளவு சாப்பிட்டும் வயிறு எப்படி இருக்கு பாருங்க. கோதுமை மேல வீணா பழி போட்டீங்களே!"

"சாப்பிடலை டாக்டரம்மா," என்றார் அம்மையார் சாவதானமாக. "டாக்டர்கிட்டயே பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டார். அதனாலதான் இப்போ வாயைத் திறக்கறேன். ஒரு துண்டுகூடச் சாப்பிடலை. எல்லாம் மாடிக்குப் போச்சு."

ருசிக்காரரின் முகம் தொங்கிப்போனது. "யா... யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? ரெண்டாவது நாளே மாஸ்டர் வந்து, 'அண்ணி, ரொட்டி பிரமாதம், மேல கொஞ்சம் எள்ளு தூவினா இன்னும் நல்லாயிருக்கும்'னு சொல்லிட்டுப் போனார். அப்புறம் வெண்ணெய் அதிகமா வேணும்னார். போன வாரம் திராட்சை கேட்டார். அவர் கேக்க கேக்க நான் போட்டேன். பையில தூளும் வெண்ணெயுமா வந்துச்சு, ரெக்ஸின் வெச்சுத் தெச்சேன். வயித்துல ஊசி குத்தினேன், பாட்டுப் பாடினார்."

"பாட்டா?" என்றார் டாக்டரம்மா.

"துண்டு வெச்சிருந்தார் டாக்டரம்மா, உள்ள. சமையலறையில போய் நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

ருசிக்காரர் அசடு வழிந்தார். "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே? கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா உடனே ரெண்டு பிஸ்கட்டை வாயில போட்டு நிரூபிச்சிருப்பீங்க. நிறுத்துங்கன்னு நான் கெஞ்சியிருந்தா ஒருநாள் நிறுத்தியிருப்பீங்களா? நீங்க எதையும் திருட்டுத்தனமா செஞ்சாத்தான் ஒழுங்கா செய்வீங்க. கோதுமை இல்லாம நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குப் பாக்கணும்னு இருந்தது. பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கீங்க," என்றார் அம்மையார், கழுத்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே. "வீட்டுல ஒரு மனுஷன் பகல்ல முழிச்சிருந்து பேசறதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

அதைக் கேட்டு ருசிக்காரருக்குக் கண் கலங்கியது. அவரும் அந்த வித்தியாசத்தை உணராமல் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல ஜோடி! ஒருத்தர் என்னை ஏமாத்தினார், ஒருத்தர் அதுக்குப் பை தெச்சுக் குடுத்தார். இப்போ நான் ரத்தம் எடுத்து என்ன பிரயோஜனம்? நிறுத்தினதும் உடம்பு தேறியிருக்கு, அது நல்ல துப்புதான். ஆனா குடலுக்குள்ள என்ன நிலவரம்னு அது சொல்லாது. அது தெரிஞ்சாத்தான் இவர் வாழ்நாள் முழுக்க எவ்வளவு கவனமா இருக்கணும்னு சொல்ல முடியும். அதனால..."

"அதனால?" என்றார் ருசிக்காரர்.

"திரும்பவும் முதல்ல இருந்து. இன்னும் ஒன்றரை மாசம் தினமும் கோதுமை சாப்பிடணும். ரொம்ப முடியலைன்னா உடனே என்கிட்ட வாங்க. இல்லைன்னா ஒன்றரை மாசம் கழிச்சு ரத்தம் எடுப்போம்."

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் ருசிக்காரர் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். இப்போது அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்தக் கடாமுடாச் சத்தம், அந்த மந்தம், நாக்கைக் கடித்துக் குதறும் அந்தப் புண்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நேற்றுக் கண்ணாலேயே பொறுக்கி வைத்த பன்னை நினைத்தாலே பயமாக இருந்தது.

"வேற வழியே இல்லையா?"

"இருந்துச்சு. அன்னைக்கே ரத்தம் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்த ருசிக்காரர் வீட்டுச் சாவியைக் கார்க் கதவில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடுங்க," என்றார் அம்மையார்.

"எதுக்கு?"

அம்மையார் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். ருசிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் ஏறி உட்கார, கார் கொஞ்சம்கூடக் குலுங்காமல் தெருவுக்குள் இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து ருசிக்காரர் ஓட்டி ஒருநாளும் அது அப்படி இறங்கியதில்லை.

"மாஸ்டர் சும்மா ரொட்டி வாங்கிச் சாப்பிடற ஆள் இல்லைங்க," என்றார் அம்மையார் தெருவைப் பார்த்துக்கொண்டே. "நீங்க வேலைக்குப் போனப்புறம் தினமும் கீழ வந்து ஒரு பாடம்."

அப்படியே இடது கையால் பின் சீட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார். ருசிக்காரர் மூடியைத் திறந்தார். எள் தூவி, வெண்ணெய் வழிய, இன்னும் சூடு ஆறாத ரொட்டி. அதைப் பார்த்ததும் அவர் வயிறு இப்போதே ஒரு முறை உறுமிக் காட்டியது.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "இதை மாஸ்டருக்கே குடுத்துடலாமே. ரசிச்சுச் சாப்பிடுவார்."

"இனிமே அவருக்கு எதுக்கு?" என்றார் அம்மையார், கியரை மாற்றிக்கொண்டே. "எனக்கு லைசென்ஸ் வந்தாச்சு. நீங்களே சாப்பிடுங்க."